வீட்டுத் தானியக்க மையக் கருவியின் தொடக்கக் கோளாறுகள்

விளக்கு, மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி மோட்டார், கதவுப் பூட்டு, வெப்பநிலை உணரி எனப் பல நிறுவனங்களின் பொருள்கள் ஒரே வீட்டில் சேரும்போது, வைஃபை, ஜிக்பீ, இசட்-வேவ் என வெவ்வேறு வழிகளில் அவை அனுப்பும் செய்திகளைப் பெற்று, வீட்டுக்காரர் வகுத்த விதிகளின்படி அவற்றை இயக்கும் கணினியே ஹப் என்று பரவலாக அழைக்கப்படும் மையக் கருவியாகும். இக்கருவிக்குப் பெரும்பாலும் திரையோ விசைப்பலகையோ கிடையாது. மின்பெட்டிக்கு அருகிலோ தொலைக்காட்சி அலமாரியின் பின்புறத்திலோ மாதக்கணக்கில் எவர் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருப்பதே அதன் இயல்பு. ஆகவே அது எழ மறுக்கும் நாளில் வீட்டாருக்குத் தெரிவதெல்லாம் கைப்பேசிச் செயலி திறக்கவில்லை என்ற ஒன்றுதான். போதிய மின்சாரம் சேராத கருவி, மெமரி கார்டைப் படிக்க முடியாத கருவி, முழுமையாக எழுந்தும் வலையமைப்பில் முகவரி மாறிப்போன கருவி, மென்பொருள் பழுதால் பாதி எழுந்து நிற்கும் கருவி ஆகிய நான்கும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றுவதால், 'ஹப் பூட் ஆகவில்லை' என்ற ஒரே பெயரில் வெவ்வேறு கோளாறுகளுக்கு ஒரே தீர்வு தேடப்படுகிறது. கார்டை அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக நிறுவுவதே அந்தத் தீர்வு. அது பல வேளைகளில் தேவையற்றது என்பதும், தேவைப்படும் வேளையிலும் கடைசியில் செய்யவேண்டியதே தவிர முதலில் செய்யவேண்டியது அன்று என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது ராஸ்பெரி பை என்னும் சிறுகணினியில் ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள். பௌலுஸ் ஸ்கௌட்சன் 2013இல் பைத்தான் மொழியில் தொடங்கிய இத்திறமூலத் திட்டத்தை வணிக வகையில் தாங்கும் நபு காசா நிறுவனம் 2018இலும், திட்டத்தின் உரிமையைத் தற்போது வைத்திருக்கும் ஓப்பன் ஹோம் அறக்கட்டளை 2024இலும் தோன்றின. ராஸ்பெரி பை 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. விலை குறைந்த, மின்செலவு சிறிதான பலகையும் கட்டணமில்லாத மென்பொருளும் இணைந்ததால், தாமே வீட்டைத் தானியக்கப்படுத்த முனைந்தவர்களிடையே இந்த இணை பரவலாகியது. இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. கடையில் வாங்கும் மூடிய ஹப்புகளும் ஏறத்தாழ இதே படிகளைக் கடந்துதான் எழுகின்றன. ஆனால் அவை தம் படிகளை ஒற்றை விளக்கின் நிறமாற்றத்துக்குள் மறைத்துவிடுகின்றன. ராஸ்பெரி பையில் ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்க்கலாம்.

அப்படிகளை வரிசையாக அறிந்துகொள்வது அவசியம். மின்சாரம் சேர்ந்தவுடன் சில்லுக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிக்கப்பட்ட சிறு நிரல் முதலில் ஓடுகிறது. நான்காம் தலைமுறைப் பையில் அது, பலகையின்மீது தனியாக ஒட்டப்பட்ட ஈப்ராம் என்னும் அழித்தெழுதத்தக்க நினைவகத்திலிருந்து பூட்லோடரை, அதாவது இயக்குதளத்தைத் தேடிக் கொண்டுவரும் நிரலை, எடுக்கிறது. மூன்றாம் தலைமுறை வரை இந்தப் பூட்லோடரே மெமரி கார்டில் இருந்தது. பூட்லோடர் கார்டின் முதல் பகுதியிலுள்ள நிலைப்பொருள் கோப்புகளையும் அமைப்புக் கோப்பையும் படித்தபின், இயக்குதளத்தின் கருவான லினக்ஸ் கெர்னல் நினைவகத்தில் ஏறுகிறது. அதன்பின் ஹோம் அசிஸ்டன்ட் இயக்குதளம், தனித்தனி நிரல்களை ஒன்றையொன்று பாதிக்காமல் தனிக்கூண்டுகளில் ஓட்டும் டாக்கர் என்ற ஏற்பாட்டைத் தொடங்க, அதற்குள் சூப்பர்வைசர் என்னும் கண்காணிப்பு நிரல் எழுந்து, வீட்டுக்காரர் உண்மையில் காணும் 'கோர்' என்ற முதன்மை நிரலை எழுப்புகிறது. கோர் தன் அமைப்புக் கோப்புகளைப் படித்து, விளக்குக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று எனப் பல இணைப்பு நிரல்களைத் தொடங்கி முடித்த பிறகே வீடு பழைய நிலைக்கு வருகிறது.

எந்தப் படியில் கருவி நின்றது என்பதைக் கண்டறியச் சிறப்புக் கருவிகள் எவையும் வேண்டியதில்லை. பலகையிலுள்ள பச்சை விளக்கு ஒழுங்கற்று மினுக்கினால் கார்டு படிக்கப்படுகிறது என்று பொருள்; ஒரே எண்ணிக்கையில் விட்டுவிட்டு மினுக்கினால் அது ஒரு குறியீடு. நான்கு முறை மினுக்கினால் நிலைப்பொருள் கோப்பு கிடைக்கவில்லை என்றும், ஏழு முறை என்றால் கெர்னல் கோப்பு கிடைக்கவில்லை என்றும், எட்டு முறை என்றால் நினைவகச் சில்லில் பழுது என்றும் ராஸ்பெரி பையின் அலுவல்முறை ஆவணம் கூறுகிறது. அடுத்ததாக எச்டிஎம்ஐ வடத்தால் தொலைக்காட்சியை இணைக்கலாம்; நான்காம் தலைமுறைப் பையில் உள்ள இரண்டு சிறு எச்டிஎம்ஐ துளைகளில் மின்வடத் துளையை அடுத்துள்ளதே முதன்மையானது என்பதை மறந்து, மற்றொன்றில் செருகிவிட்டுத் திரை கறுப்பாக இருக்கிறது என்று முடிவுகட்டுவோர் பலர். திரையில் எழுத்துகள் ஓடி, இறுதியில் கட்டளைக்குக் காத்திருக்கும் வரியும் கருவியின் ஐபி முகவரியும் தெரிந்தால் இயக்குதளம் எழுந்துவிட்டது. அதே முகவரியை உலாவியில் இட்டு 4357 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்தால், சூப்பர்வைசர் இணைந்துள்ளதா, நலமாக உள்ளதா என்று கூறும் எளிய பக்கம் ஒன்று வரும். வழக்கமான 8123 போர்ட்டில் பதில் இல்லாமல் 4357இல் மட்டும் பதில் வந்தால், பழுது கோர் நிரலில் இருக்கிறது; கார்டையோ அடாப்டரையோ முதலில் குறைகூற வேண்டியதில்லை. தொலைக்காட்சியும் கணினியும் உள்ள எந்த வீட்டிலும் இவ்வளவையும் சற்று நேரத்தில் செய்து முடிக்கலாம். ஆனாலும் பெரும்பாலானோர் செய்யாமல் விடுவது இதைத்தான்.

கோளாறுகளின் வகைகளில் முதலாவதாகவும் விரிவாகவும் ஆராயவேண்டியது மின்வழங்கல். எழாத ஹப்பைக் கண்டதும் மெமரி கார்டைக் குற்றம் சாட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் கார்டு கெட்டதற்கே மின்வழங்கல் காரணமாக இருந்த வாய்ப்பு பெரிது என்பதை அவ்வழக்கம் மறைத்துவிடுகிறது. நான்காம் தலைமுறைப் பைக்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியரும், ஐந்தாம் தலைமுறைக்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியரும் தரும் அடாப்டர் பரிந்துரைக்கப்படுகிறது. பலகையில் சேரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதைக் கண்காணிக்கும் சில்லு எச்சரிக்கை எழுப்புகிறது. இங்கு ஒரு சிறு கணக்கு பல புதிர்களை அவிழ்க்கும். பழைய கைப்பேசியுடன் வந்த மெல்லிய வடம் ஒன்றின் இரு கம்பிகளும் சேர்ந்து 0.2 ஓம் மின்தடை கொண்டவை என்று கொள்வோம். கருவி 1 ஆம்பியர் இழுக்கும் வரை வடத்தில் இழக்கப்படுவது 0.2 வோல்ட் மட்டுமே, பலகைக்கு 4.8 வோல்ட் சேர்கிறது. எல்லாம் சரியாகவே தோன்றுகிறது. கெர்னல் எழுந்து, நான்கு செயலிக் கருக்களும் ஒருசேர வேலைசெய்து, யூஎஸ்பியில் மாட்டிய எஸ்எஸ்டியும் ஓடத் தொடங்கி, தேவை 2.5 ஆம்பியரானால் இழப்பு 0.5 வோல்ட், பலகைக்குச் சேர்வது 4.5 வோல்ட். கருவி அந்த இடத்தில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பாதிவரை எழுந்து எழுந்து விழும் ஹப்பைப் பார்ப்பவர், பாதிவரை எழுவதாலேயே மின்சாரம் சரியாக உள்ளது என்று முடிவுசெய்துவிடுகிறார். உண்மையில் பாதியில் விழுவதே மின்குறைபாட்டின் தெளிவான அடையாளங்களில் ஒன்று. அலுவல்முறை அடாப்டர் 5.0க்குப் பதில் 5.1 வோல்ட் தருவதும், வடத்தைக் கழற்ற முடியாதபடி தன்னுடனேயே இணைத்து வருவதும் இந்த இழப்பைக் கருதித்தான்.

தொலைக்காட்சித் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தோன்றினால் மின்னழுத்தம் குறைந்துள்ளது என்று பொருள். திரையைப் பார்க்காத நேரத்தில் நிகழ்ந்ததையும் பலகை நினைவில் வைத்திருக்கும். மின்னழுத்த நிலையைக் கேட்கும் கட்டளைக்கு 50000 என்ற பதினாறிம எண் விடையாக வந்தால், கடைசியாக மின்சாரம் கொடுத்தது முதல் ஒருமுறையேனும் மின்னழுத்தம் குறைந்து, செயலியின் வேகம் தடுக்கப்பட்டது என்று அறியலாம். கடைசி இலக்கம் சுழியாக இல்லாமல் 50005 என வந்தால் குறை அந்த நொடியிலும் தொடர்கிறது. ஐந்தாம் தலைமுறையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 5 ஆம்பியர் அடாப்டர் இல்லை என்று பலகை கண்டால், யூஎஸ்பி துளைகளுக்கான மொத்த மின்னோட்டத்தை 600 மில்லியாம்பியராகக் குறைத்துவிடுவதோடு, யூஎஸ்பியில் மாட்டிய வட்டிலிருந்து பூட் ஆவதையும் இயல்பாக மறுத்துவிடுகிறது. நான்காம் தலைமுறையில் நன்றாக ஓடிய எஸ்எஸ்டியை அதே 3 ஆம்பியர் அடாப்டருடன் ஐந்தாம் தலைமுறைக்கு மாற்றுவோர், புதிய பலகையே பழுது என்று எண்ணுவதற்கு இதுவே காரணம். பலகையில் பழுதில்லை, அது தன்னைக் காத்துக்கொள்கிறது.

இரண்டாவது வகை சேமிப்பகக் கோளாறு. மெமரி கார்டுக்குள் இருக்கும் நான்ட் ஃபிளாஷ் என்னும் நினைவகத்தில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி எழுத இயலாது. பெரிய தொகுதி ஒன்றை முழுவதும் அழித்த பின்னரே அதில் மீண்டும் எழுத முடியும், அவ்வாறு அழிக்கும் எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. தேய்மானம் ஓரிடத்தில் குவியாதிருக்க, கார்டுக்குள்ளேயே இருக்கும் சிறு கட்டுப்படுத்தி, தரவுகளை இடம் மாற்றிக்கொண்டே இருந்து, எது எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு வரைபடமும் வைத்துக்கொள்கிறது. இடமாற்றம் நடக்கும் கணத்தில் மின்சாரம் போனால், அப்போது எழுதப்பட்ட கோப்பு மட்டுமன்றி, அத்துடன் எவ்விதத் தொடர்பும் இல்லாத பழைய கோப்பும் தொலையக்கூடும். பல மாதங்களாக எவரும் தொடாத கெர்னல் கோப்பு ஒரு மின்தடைக்குப் பின் காணாமல்போவதன் விளக்கம் இதுவே. எழுதவிருப்பதை முன்கூட்டிக் குறித்துக்கொள்ளும் ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகள் தம் அளவில் பாதுகாப்பானவை என்றாலும், கார்டின் உள்வரைபடம் குலைந்தால் அவற்றால் செய்யக்கூடியது ஏதுமில்லை.

ஹோம் அசிஸ்டன்ட் இந்த ஆபத்தைப் பெரிதாக்கும் இயல்புடையது. ஒவ்வோர் உணரியின் ஒவ்வொரு நிலைமாற்றமும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் பதியப்படுகிறது. இயல்பான அமைப்பில் ஐந்து நொடிக்கு ஒருமுறை தரவுகள் கார்டில் எழுதப்பட்டு, பத்து நாள் வரலாறு பேணப்படுகிறது. நொடிக்கொரு முறை மின்நுகர்வைத் தெரிவிக்கும் ஓர் அளவியே கார்டை இரவுபகலாக எழுதவைக்கப் போதும். எனவே தேவையற்ற உணரிகளைப் பதிவிலிருந்து விலக்குவதும், இயலுமானால் எஸ்எஸ்டிக்கோ பலகையிலேயே பதிக்கப்பட்ட ஈஎம்எம்சி நினைவகத்துக்கோ மாறுவதும் பயன்தரும். 2023இல் வெளிவந்த ஹோம் அசிஸ்டன்ட் கிரீன் என்னும் ஆயத்தக் கருவியில் மெமரி கார்டுக்குப் பதிலாக 32 ஜிகாபைட் ஈஎம்எம்சி வைக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

கார்டு ஐயத்துக்குரியது என்று தெரிந்தபின் செய்யவேண்டியது எது, செய்யக்கூடாதது எது என்பதில்தான் மிகப் பெரிய இழப்புகள் நேர்கின்றன. ஹப்பின் கார்டை விண்டோஸ் கணினியில் செருகினால், லினக்ஸ் பகுதிகளைப் படிக்கத் தெரியாத விண்டோஸ், இவ்வட்டைப் பயன்படுத்த ஃபார்மட் செய்யவேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகளைக் காட்டும். கார்டு பழுதாகிவிட்டதற்கு இதையே சான்றாகக் கொண்டு 'ஃபார்மட்' பொத்தானை அழுத்துவோரின் வீட்டு அமைப்பு, அதுவரை முழுமையாக இருந்தாலும், அந்தக் கணத்தில் போய்விடுகிறது. நல்ல நிலையிலுள்ள கார்டுக்கும் விண்டோஸ் அதே பெட்டிகளைத்தான் காட்டும். அப்பெட்டிகளை ரத்துசெய்துவிட்டு, லினக்ஸ் கணினி ஒன்றில் கார்டைச் செருகினால், ஹஸ்ஓஎஸ்-டேட்டா என்ற பெயருடைய பகுதி தெரியும். அதனுள் சூப்பர்வைசர் கோப்புறையில், அமைப்புக் கோப்புகள் அனைத்தும் ஹோம்அசிஸ்டன்ட் என்ற உட்கோப்புறையிலும், பேக்கப்புகள் பேக்கப் என்ற உட்கோப்புறையிலும் இருக்கும். கார்டு படிக்கும்போதே திணறினால், பழுதுநீக்கும் கட்டளைகளை அதன்மீதே ஓட்டாமல், டிடி-ரெஸ்க்யூ போன்ற நிரலால் முழுக் கார்டையும் ஒரே கோப்பாகப் படியெடுத்துக்கொண்டு, அந்தப் படியின்மீது வேலைசெய்வதே பாதுகாப்பானது. சாகும் நிலையிலுள்ள கார்டில் நடக்கும் ஒவ்வொரு எழுத்தும் அதன் எஞ்சிய ஆயுளைக் குறைக்கும்.

மூன்றாவதாக வரும் வலையமைப்பும் நேரமும் பலரும் கோளாறாகவே கருதாதவை. மின்தடை நீங்கியவுடன் ரூட்டரும் ஹப்பும் ஒரே நேரத்தில் எழத் தொடங்குகின்றன. இணைய இணைப்பு நிலைபெறச் சில நிமிடங்கள் எடுக்கும் வீடுகளில் ஹப் முந்திக்கொள்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் இன்வெர்ட்டர் பெரும்பாலும் விளக்குக்கும் மின்விசிறிக்கும் சில பிளக் பாயிண்ட்களுக்கும் மட்டுமே இணைக்கப்பட்டிருப்பதால், ஹப் ஒரு வரியிலும் ரூட்டர் இன்னொரு வரியிலும் அமைந்து, ஒன்று எழும்போது மற்றொன்று அணைந்திருக்கும் நிலையும் உண்டாகிறது. ரூட்டர் எழுந்தபின் ஹப்புக்குப் புதிய ஐபி முகவரி கிடைத்தால், பழைய முகவரியைத் தேடும் செயலிக்கு ஹப் இறந்ததாகவே படும். ஐந்தாம் தலைமுறைக்கு முந்தைய பைகளில் மின்சாரமின்றி நேரத்தைக் காக்கும் கடிகாரம் கிடையாது. எனவே ஒவ்வொரு தொடக்கத்திலும் இணையத்திலிருந்து நேரத்தைக் கேட்டறிய வேண்டும். நேரம் பின்தங்கியிருந்தால், பாதுகாப்பான இணைப்புகளுக்கான சான்றிதழ்கள் இன்னும் செல்லுபடியாகாதவையாகத் தோன்றி, புதுப்பிப்புகளும் இணைய வழி இணைப்புகளும் மறுக்கப்படுகின்றன. ஹப்புக்கு நிலையான முகவரியை ரூட்டரிலேயே ஒதுக்கிவைப்பதும், ரூட்டர், ஹப் இரண்டையும் ஒரே இன்வெர்ட்டர் வரியிலோ சிறு யூபிஎஸ்ஸிலோ இணைப்பதும் இவ்வகைக் கோளாறுகளில் பெரும்பகுதியை நீக்கிவிடும். புதிதாக நிறுவும்போது முதல் தொடக்கத்தில் கோர் நிரலே இணையத்திலிருந்து தரவிறக்கப்படுவதால், 'தயாராகிறது' என்ற பக்கம் இருபது நிமிடம் வரை நீடிக்கலாம் என்பதையும் இங்கே சேர்த்துக் குறிப்பிடலாம். பொறுமையிழந்து நடுவில் மின்சாரத்தைத் துண்டிப்பது, இல்லாத கோளாறை உண்டாக்கும் செயல்.

நான்காவது வகையான மென்பொருள் கோளாறுகள் கேட்பதற்கு அச்சமூட்டினாலும், இவற்றிலிருந்து மீள்வதே பெரும்பாலும் எளிது. ஹோம் அசிஸ்டன்ட் இயக்குதளம் தன் அமைப்புப் பகுதியை இரு பிரதிகளாக வைத்துக்கொள்கிறது. ஒன்று ஓடும்போது புதுப்பிப்பு மற்றொன்றில் எழுதப்படுகிறது. புதிய பிரதி எழத் தவறினால் பழைய பிரதிக்குத் திரும்ப வழி இருக்கிறது; திரையில் தெரியும் கட்டளை வரியிலிருந்து மற்றப் பிரதியைத் தேர்ந்தெடுக்கவும் முடியும். வீட்டுக்காரரின் தரவுகள் இவ்விரண்டிலும் சேராத தனிப்பகுதியில் இருப்பதால் அவற்றுக்குத் தீங்கு நேராது.

கோர் நிரலின் அளவில் நிகழும் தவறுகளில் முதன்மையானது அமைப்புக் கோப்பின் இலக்கணப் பிழை. யாமல் எனப்படும் அந்த எழுத்து வடிவத்தில், எது எதன்கீழ் வருகிறது என்பதை வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடமே தீர்மானிக்கிறது. ஓர் இடைவெளி கூடினாலோ குறைந்தாலோ பொருள் மாறிவிடும். அவ்வாறு அமைப்பைப் படிக்க முடியாமல்போனால் கோர் நிரல் முற்றிலும் நின்றுவிடாமல், மீட்பு நிலை என்னும் குறைந்தபட்ச வடிவத்தில் எழுகிறது. அந்நிலையில் விளக்குகளும் விதிகளும் எவையும் இயங்கா. ஆயினும் பிழையைத் திருத்தவும் லாக் எனப்படும் நிகழ்வுப் பதிவைப் படிக்கவும் தேவையான பக்கங்கள் இருக்கும். இதைக் கண்டு எல்லாச் சாதனங்களும் அழிந்துவிட்டன என்று கலங்கி, புதிதாக நிறுவத் தொடங்குவது வருந்தத்தக்க பிழை. அங்கு எதுவும் அழியவில்லை. இதிலிருந்து வேறானது பாதுகாப்பு நிலை: அது வெளியாரிடமிருந்து பெற்றுச் சேர்த்த இணைப்பு நிரல்களை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றை வழக்கம்போல் ஓட்டும். மாதந்தோறும் வெளிவரும் புதிய பதிப்புக்கு மாறியதும் ஹப் தடுமாறினால், வெளியாரின் நிரல் அப்பதிப்புக்கு ஏற்பத் திருத்தப்படாமல் இருப்பதே பழுதின் காரணமாவது மிகுதி; பாதுகாப்பு நிலையில் எழுகிறதா என்று பார்ப்பதே அந்த ஐயத்தைத் தீர்க்கும் நேரடி வழி.

தரவுத்தளம் பற்றித் தனியே கூறவேண்டும். பழுதடைந்த தரவுத்தளத்தைத் தொடக்கத்தில் கண்டால் கோர் நிரல் அதன் பெயரை மாற்றி ஒதுக்கிவைத்துவிட்டுப் புதியதொன்றைத் தொடங்குகிறது. வரலாறு மறைகிறதே தவிர வீடு இயங்குகிறது. பதிப்பு மாறும்போது தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றும் வேலை சில வேளைகளில் நடக்கும். பல ஜிகாபைட்டுக்குப் பெருத்த தரவுத்தளம் மெதுவான கார்டில் இருந்தால் அது நெடுநேரம் நீடிக்கும். நிகழ்வுப் பதிவில் அவ்வேலை நடப்பதாகக் குறிப்பு இருக்கும்வரை கருவியை அணைக்கக்கூடாது. வரலாற்றை இழக்க ஒப்புவோர், கோர் நிரலை நிறுத்திவிட்டுத் தரவுத்தளக் கோப்பை வேறிடத்துக்கு நகர்த்தினாலே ஹப் விரைந்து எழும்; விதிகளும் சாதனப் பெயர்களும் அக்கோப்பில் இல்லை.

யூஎஸ்பியில் மாட்டும் ஜிக்பீ, இசட்-வேவ் டாங்கிள்கள், அதாவது அலைபரப்பிச் செருகிகள், எழுச்சியின் இறுதிக் கட்டத்தில் சிக்கலுண்டாக்குகின்றன. லினக்ஸ் அவற்றுக்குக் கண்டறிந்த வரிசையில் 0, 1 என எண்ணிட்டுப் பெயர் தருவதால், இரண்டு டாங்கிள்கள் உள்ள வீட்டில் ஒரு மறுதொடக்கத்துக்குப் பின் பெயர்கள் இடம்மாறி, ஜிக்பீ நிரல் இசட்-வேவ் செருகியோடு பேச முயன்று தோற்கும். உற்பத்தி எண்ணை உள்ளடக்கிய நிலையான பாதையை அமைப்பில் எழுதினால் இது நேராது. மேலும், யூஎஸ்பி 3.0 இணைப்பிலிருந்து எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குலைக்கும் என்று இன்டெல் நிறுவனம் 2012இலேயே விளக்கியுள்ளது. ஜிக்பீயும் அதே அலைவரிசையில் இயங்குவது. எஸ்எஸ்டிக்கு அருகில் டாங்கிளைச் செருகியவரின் ஹப் எழுந்தபின்னும் விளக்குகள் பதிலளிக்காமல் இருந்தால், நீட்டிப்பு வடமொன்றால் டாங்கிளைத் தள்ளிவைப்பதே முதல் மருந்து.

இதுவரை கூறியவை எல்லாம் ஹப்பின் உயிர் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஏற்பாட்டுக்குப் பொருந்துவன. வணிக ஹப்புகள் பலவற்றின் உயிர் நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கிறது. நெஸ்ட் நிறுவனம் 2014இல் வாங்கிய ரெவால்வ் ஹப்புகள், சேவை நிறுத்தப்பட்ட 2016 மே 15க்குப் பின் பழுதேதுமின்றியே பயனற்றவையாயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சேவையகங்கள் முன்னறிவிப்பின்றி நின்றபோது ஹப்புகளின் விளக்குகள் சிவந்தன. கருவியில் கோளாறு என்று எண்ணி ஃபேக்டரி ரீசெட் என்னும் முழு அழிப்பைச் செய்தோர், மீண்டும் அமைப்பதற்கு அதே சேவையகம் தேவைப்பட்டதால், அதுவரை இயங்கிய பகுதிகளையும் இழந்தனர். அந்நிறுவனத்தை அதன் வாடிக்கையாளர் குழு ஒன்று அவ்வாண்டு ஜூனில் வாங்கிச் சேவையை மீட்டது. பொறுத்திருந்தவர்களின் அமைப்பு தப்பியது. நிறுவனத்தின் சேவை நிலையை முதலில் அறிந்துகொள்ளாமல் எந்த ஹப்பையும் முழு அழிப்புக்கு உட்படுத்தக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. விற்பனைக்குப் பிந்தைய உதவியாளர்கள் எடுத்த எடுப்பிலேயே ரீசெட் செய்யச் சொல்லும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. அது அவர்களுடைய அழைப்பு நேரத்தைக் குறைக்கிறது, வீட்டாரின் உழைப்பையோ அழிக்கிறது.

ஆகவே மின்சாரம், சேமிப்பகம், வலையமைப்பு, மென்பொருள் என்ற வரிசையை மாற்றாமல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் முறையே ஏற்கத்தக்கது. யூஎஸ்பியில் உள்ள அனைத்தையும் கழற்றி, ஐயமற்ற அடாப்டரை மாட்டி, எழுகிறதா என்று பார்ப்பது. எழாவிட்டால் பழைய கார்டை அப்படியே எடுத்துவைத்துவிட்டு, அப்பலகைக்கே உரிய இயக்குதளப் படிமத்தை வேறொரு புதிய கார்டில் எழுதிச் சோதிப்பது. புதிய கார்டில் பலகை எழுந்தால் பழுது பழைய கார்டிலோ அதிலுள்ள மென்பொருளிலோ இருக்கிறது. எழாவிட்டால் பலகையையே ஐயுறலாம். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு மெமரி கார்டின் விலை. பழைய கார்டை அழித்துச் சோதிப்பவர் அந்த விலையை மிச்சப்படுத்துகிறார்; ஆனால் பழுதின் தடயத்தையும் வீட்டின் அமைப்பையும் ஒருசேர இழக்கிறார். நாற்பது ஜிக்பீ விளக்குகளும் உணரிகளும் உள்ள வீட்டில் வலையமைப்பின் குறியாக்கத் திறவுகோல் தொலைந்தால், ஒவ்வொன்றையும் தேடிச் சென்று, சிலவற்றுக்கு ஏணி வைத்து ஏறி, மறுபடி இணைக்கவேண்டும்.

இந்த இழப்பிலிருந்து முற்றாகக் காப்பது பேக்கப் ஒன்றே. அதுவும் ஹப்பின் கார்டுக்கு வெளியே, வீட்டிலுள்ள வேறு கணினியிலோ இணையச் சேமிப்பகத்திலோ இருக்கும் பேக்கப். புதிதாக நிறுவிய ஹோம் அசிஸ்டன்ட் தன் முதல் திரையிலேயே பழைய பேக்கப்பைக் கேட்டு, விதிகளையும் ஜிக்பீ திறவுகோலையும் சேர்த்து மீட்டுத்தரும். ஆனால் 2025 ஜனவரிப் பதிப்பு முதல் தானியங்கிப் பேக்கப்புகள் இயல்பாகவே குறியாக்கம் செய்யப்படுகின்றன. அவற்றைத் திறக்கும் சாவி ஹப்பின் உள்ளேதான் இருக்கிறது. ஹப் எழாத நாளில் அந்தச் சாவியை அதனிடம் கேட்க முடியாது. அவசரகாலத் தொகுப்பு என்ற பெயரில் அமைப்புப் பக்கத்தில் கிடைக்கும் அச்சாவிக் கோப்பை, ஹப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றே தரவிறக்கி, அச்செடுத்து, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.